ஒரு நரம்பு வலியும் என் சாட்சியமும்

இடுப்பிற் றோன்றிப் பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் ஓடிக் கணுக்கால் வரையிலும் மின்னலெனப் பாயும் வலியொன்று உண்டு. மேனாட்டு வைத்தியர் அதனைச் சயாட்டிகா என்பர். ஆயுர்வேத நூலார் கிருத்ரசி என்பர். அமெரிக்காவிலே அயோவா மாகாணத்தில் யான் ஓராண்டு ஆசிரியனாயிருந்த காலத்தில் அவ்வலி என்னையும் பற்றிற்று. மூன்று வாரம் நிற்கவும் இயலாது, உட்காரவும் இயலாது வருந்தினேன். யான் குடியிருந்த வீட்டுக்கார அம்மையார் மனமிரங்கி, தம் குடும்பத்தார் நெடுநாளாகச் சென்றுவரும் கைரோபிராக்டிக் வைத்தியர் ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றார். எட்டு முறை சென்றேன். ஏழாம் வாரத்தில் வலி ஏறக்குறைய நீங்கிற்று. நாடு திரும்பியபின், அவ்வைத்தியம் பலிக்குமா என்று என்னை வினவாத நண்பர் இலர். “நீர் குணமடைந்தீரே, வேறு சாட்சி எதற்கு?” என்பது அவர்தம் வாதம். அதனை யான் ஒப்புகிலேன்.

அவ்வைத்தியம் பிறந்ததும் அம்மாகாணமே. மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டாவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பார், 1895ஆம் ஆண்டில், ஹார்வி லில்லார்டு என்னும் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் செவிட்டுத்தன்மையைப் போக்கியதாகச் சொன்னார். கிரேக்க மொழியில் கையையும் செய்கையையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து அம்முறைக்குப் பெயர் இட்டனர். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு இடம்பெயர்வதால் வருவன என்றும் பால்மர் எழுதிவைத்தார். கேட்கும் நரம்போ மண்டையோட்டினுள்ளே செவியினின்று மூளைக்குச் செல்வது. முதுகெலும்பின் வழியே செல்வதன்று. ஆகவே அடித்தளம் ஆட்டங்கண்ட வீடு அஃது. ஆயினும், அதில் ஓர் அறையேனும் குடியிருக்கத் தக்கதாயிராது என்று எவ்வாறு துணிவது?

என் வலிக்குக் காரணமான நரம்பு, இடுப்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து வேர்கள் கூடி உருவாவது. நம் உடம்பில் அதனினும் தடித்த நரம்பு வேறில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோற் கிடக்கும் தட்டுப் பிதுங்கி அவ்வேர்களுள் ஒன்றை அழுத்துவதே பெரும்பாலும் இந்நோயின் மூலம். பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு வைத்தியர் 1934ஆம் ஆண்டிலே இதனை விளங்கக் காட்டினர். பால்மர் 1913லேயே காலமாகிவிட்டார். பிதுங்கிய தட்டைக் கையால் உள்ளே தள்ளிவிடலாம் என்று எண்ணுதல் பேதைமை. பல மாதங்களில் உடம்பே அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்வது பெருவழக்கு.

என் சாட்சியம் தளர்வது இங்கேதான். வலி உச்சத்தை எட்டிய நாளிலேயே யான் வைத்தியரை நாடினேன். உச்சத்துக்குப் பின் வருவது இறக்கமன்றோ? வெள்ளம் வடியத் தொடங்கும் வேளையிற் கரையில் நின்று கையசைத்தவன், தன் கையசைப்பினால் ஆறு அடங்கிற்று என்று சொல்லலாம்; அவனை மறுப்பதும் எளிதன்று. ஹாலந்து தேசத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இக்கொடிய வலியால் வருந்திய 283 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு விரைவில் அறுவை செய்தனர்; மறு கூற்றாரைப் பொறுத்திருக்கச் செய்தனர். 2007இல் அம்முடிவு வெளியாயிற்று. பின்னவருள் 39 சதவிகிதத்தினர்க்குப் பிறகு அறுவை வேண்டியதாயிற்றென்பதும், அறுவை பெற்றோர் விரைவில் தேறினர் என்பதும் மெய்யே. ஆயினும் ஓராண்டு கழிந்தபோது இரு கூற்றாரிலும் 95 சதவிகிதத்தினர் தேறியிருந்தனர்.

அப்படியாயின் கையின் செயல் வீணோ? அவ்வாறும் சொல்லேன். இத்தாலியில் தட்டுப் பிதுங்கிய 102 நோயாளரைச் சோதித்தனர். ஒரு சாரார்க்கு உண்மையான சிகிச்சை. மற்றவர்க்கு அதுபோன்ற பாவனை மாத்திரமே. 2006இல் வெளிவந்த முடிவின்படி, கால்வலி முற்றும் நீங்கினோர் முன்னவரில் 55 சதவிகிதம், பின்னவரில் 20 சதவிகிதம். ஒரே சோதனையைக் கொண்டு கொடி நாட்டுதல் தகாது, புறக்கணித்தலும் நேர்மையன்று. உடற்பயிற்சியோடு சேர்த்து இதனைக் கொள்ளலாம் என்று பிரிட்டனின் வைத்திய நெறிமுறை 2016இல் கூறியதே எனக்கு நடுநிலையாகத் தோன்றுகிறது.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் இதனைப் பகிஷ்கரித்தது முறையன்றென 1987இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சிலர் பெருஞ்சான்றாகக் காட்டுவர். அத்தீர்ப்பு வணிகப் போட்டிச் சட்டத்தைப் பற்றியது. இச்சிகிச்சை நோய் தீர்க்கும் என்று நீதிபதி சொல்லவில்லை. அது நீதிபதியின் வேலையுமன்று.

ஒன்று மட்டும் ஐயமின்றிச் சொல்வேன். தொடைகளின் இடையே உணர்வு மரத்தல், சிறுநீர் கட்டுதல் அல்லது தன்னையறியாது கழிதல், கால் வலுவிழத்தல் இவற்றுள் ஒன்று தோன்றினும் எந்தக் கையையும் முதுகில் வைக்கவிடாது அன்றே மருத்துவமனைக்கு ஓடல் வேண்டும். ஒரு நாள் தாமதமும் வாழ்நாள் ஊனமாகக் கூடும். யான் சென்ற வைத்தியர் இவற்றையெல்லாம் முதலிலேயே வினவிய பின்னரே என்னைத் தொட்டார். அவர்பால் எனக்குள்ள மதிப்பிற் பெரும்பங்கு அதற்கே உரியது.

எட்டாம் முறை சென்று விடைபெற்றபோது, அவர் ஒரு தாளை நீட்டி, சுவரில் மாட்டுதற்கு நற்சான்று எழுதித் தருமாறு வேண்டினார். வலி தொடங்கிய நாள், முதன்முறை வந்த நாள், வலி தணிந்த நாள், அவர் கை மென்மையும் கவனமும் உடையது என்ற உண்மை, இவற்றை எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் இருமுறை படித்துப் புன்னகை செய்து, தாளை மடித்து மேசையறையுள் வைத்துக்கொண்டார்.