எச்சரிக்கை எல்லையில் நின்றுவிடக் கூடாது

புவியின் சராசரியைக் காட்டிலும் ஆர்க்டிக் பகுதி ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைகிறது என்பதைப் பின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் 2022இல் எடுத்துக்காட்டினர். அந்த மாற்றத்திற்கும் நமது பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008 முதல் இந்தியா நடத்திவரும் ‘ஹிமாத்ரி’ நிலையத்தின் நோக்கங்களில் ஒன்று. மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் இந்த ஆய்வின் பயன் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களின் விவசாயியையும் மீனவரையும் எட்டுகிறதா என்பதே நம் கேள்வி.

நார்டிக் நாடுகள் ஆய்வோடு நின்றுவிடவில்லை. பின்லாந்து 2005லேயே பருவநிலைத் தகவமைப்புக்கான தேசியத் திட்டத்தை வகுத்தது. 2011 ஜூலை 2 அன்று பெருமழையில் தத்தளித்த கோபன்ஹேகன், தெருக்களையும் பூங்காக்களையும் வெள்ளநீரைத் தாங்கும் இடங்களாக மாற்றும் திட்டத்தை அடுத்த ஆண்டே உருவாக்கியது. அந்நாடுகளை மெச்சுவது நம் நோக்கமல்ல. நார்வேயின் செல்வமே எண்ணெயிலும் எரிவாயுவிலும் விளைந்தது. பருவநிலையைச் சீர்குலைத்ததில் பெரும்பங்கு கொண்ட செல்வந்த நாடுகளிடமே பாதிப்பைத் தாங்கும் வசதியும் குவிந்துள்ளது. ஆயினும், தகவமைப்பு தனிமனிதரின் சாமர்த்தியமல்ல. பொதுநிதியும் உள்ளாட்சியும் ஏற்க வேண்டிய கடமை என்பதை அந்த அனுபவம் உணர்த்துகிறது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. புயலும் மழையும் அந்த எல்லையை அறியா. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக அறிவிக்கப்பட்டபோது, இருபுறத்து மீனவர்களும் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. பலர் கரை திரும்பவே இல்லை. 2021 நவம்பர் மழையில் பாறசாலை அருகே ரயில் பாதையில் மண் சரிந்து, நாகர்கோவில் – திருவனந்தபுரம் போக்குவரத்து முடங்கியது.

தெற்கே நெடுந்தொலைவில் எழும் புயல்களால், இங்கே காற்றே இல்லாதபோதும் கரையில் திடீரெனப் பேரலைகள் ஏறுவதுண்டு. அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டவர்கள் இக்கரையின் மீனவர்களே. அறிவியல் உலகமும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தின் தேசியக் கடல் தகவல் மையம் அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. ஆனாலும் 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை வெளியாவது வேறு. உரியவரைச் சென்றடைவது வேறு.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள உரிமை தருகிறது. கடிதத்திற்கு உள்ள உரிமை உயிர்காக்கும் எச்சரிக்கைக்கும் நீள வேண்டும்.

நீரையும் மணலையும் எல்லையிட்டுப் பிரிக்க முடியாது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டின் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்த நீர் 2004இல் நின்றது. 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மழை தப்பும் காலத்தில் இருபுற விவசாயிகளையும் மோதவிடும் இச்சிக்கலைப் பேசித் தீர்ப்பதே அறிவுடைமை. கடற்கரையிலும் அவ்வாறே. ஓரிடத்தில் போடும் தடுப்புக்கல் மணலைப் பிடித்து நிறுத்தினால், அடுத்த ஊரின் கரை அரிபடும். நீரோடிக்கும் பொழியூருக்கும் தனித்தனித் திட்டங்கள் தீர்வாகா.

எனவே, எல்லையோர ஊர்களில் முன்னெச்சரிக்கைகள் தமிழிலும் மலையாளத்திலும் உடனுக்குடன் வெளியாக வேண்டும். நெய்யாற்றுக்கும் கடற்கரைக்கும் இரு மாநில அரசுகளும் கூட்டுத் திட்டம் வகுக்க வேண்டும். அதற்கான நிதியை ஒன்றிய அரசு வழங்க வேண்டும். தொழிலுக்குப் போக முடியாத எச்சரிக்கை நாட்களுக்கு மீனவர்க்கு இழப்பீடு தரப்பட வேண்டும். பட்டினியை ஈடுகட்டாத எச்சரிக்கையை யாரும் பின்பற்ற இயலாது.

இக்கோரிக்கைகளை எல்லையின் இருபுறமும் உள்ள நமது கிளைகள் ஒன்றாக அமர்ந்து விவாதித்து, ஊராட்சிதோறும் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்பே அப்பணி தொடங்கட்டும்.