வந்த மீன் வாழ்கிறது, சொந்த மீன்?

வில்லிவாக்கத்துத் தோழர் ஒருவர் இல்லத்துக்குச் சென்ற திங்கள் போயிருந்தோம். பட்டறையிலே இரும்போடு போராடிப் போராடி இரும்பாகிவிட்ட கரங்கள் அவருக்கு, உள்ளமோ பஞ்சு. எட்டடிக் கூடம். அதிலே ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள்ளே நீல விளக்கு. விளக்கொளியிலே வளைந்து நெளிந்து விளையாடும் வண்ண மீன்கள்!

"இது கோல்டு அண்ணே, இது கப்பி, இது ஏஞ்சல். அதோ தனி பாட்டிலிலே முறைச்சுக்கிட்டு நிக்குதே, அது ஃபைட்டர்" என்று ஒவ்வொன்றாய் அறிமுகப்படுத்தினார். பெற்ற பிள்ளைகளைக் காட்டும் பெருமிதம் முகத்திலே.

கோல்டு பிறந்தது சீனத்திலே. கப்பிக்குத் தாயகம் தென் அமெரிக்கா. ஏஞ்சல், அமேசான் ஆற்று அழகி. ஃபைட்டர், தாய்லாந்து வீரன். "உலக நாட்டார் எல்லாம் வந்திருக்கிறார்களே தோழரே, நம் நாட்டார் எங்கே?" என்றோம்.

"நம்ம மீனு குழம்பிலே இருக்கு அண்ணே!" என்றார் அவர்.

சிரித்தோம், நாமும். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே அடுக்களைப் பக்கமிருந்து அவர் மகன் வந்தான். பத்து வயது இருக்கும். கையிலே ஒரு பிளாஸ்டிக் புட்டி. விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போனவன், வாய்க்காலிலே துண்டை விரித்து நான்கு கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து, இரவெல்லாம் இரயிலிலே மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒன்று வழியிலே செத்துவிட்டது. மூன்று உயிரோடு இருந்தன. "வாய்க்காத் தண்ணியைக் கொண்டாந்து வீட்டை நாறடிக்கிறான்" என்று தந்தை கடிந்துகொண்டார். பையன் முகம் வாடிவிட்டது. அந்த முகவாட்டந்தான் இந்தக் கட்டுரையை எழுதச் சொல்லிற்று.

விலை கொடுத்து வாங்கியது வண்ண மீன். விலையின்றிக் கிடைத்தது வாய்க்கால் மீன்! தொலைவிலிருந்து வந்தால் உயர்வு, தோட்டத்திலே கிடைத்தால் தாழ்வு! வேட்டியிலும் மொழியிலும் கண்ட அந்த நோய், மீன் தொட்டிக்குள்ளும் புகுந்துவிட்டதோ?

அந்த வாய்க்காலுக்கு நீர் தருவது பொருநை எனப் பழந்தமிழ் போற்றிய தாமிரபரணி. அந்த ஆற்றுக்கென்றே ஒரு கெண்டை இருக்கிறது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலே நூல்நூலாக நீண்டு தொங்கும் இழைகள். உடலிலே மை தீட்டியது போன்ற கருமை. 1954-இல் அதை உலகுக்கு விளக்கி எழுதிய ஆய்வாளர் சைலஸ், ஆற்றின் பெயரையே மீனுக்கும் சூட்டினார். 2012-இல் இலங்கை ஆய்வாளர் மூவர், அதையும் அதன் உறவுக் கெண்டைகளையும் தனிப் பேரினமாகப் பிரித்தபோது வைத்த பெயர் என்ன தெரியுமா? 'டாகின்சியா'! அறிவியலை மக்களிடம் எடுத்துச் சென்ற ரிச்சர்டு டாகின்ஸ் என்ற பகுத்தறிவாளர் பெயர். பகுத்தறிவாளர் பெயரும் பொருநையின் பெயரும் தாங்கிய மீன் நம் ஆற்றிலே நீந்துகிறது. நாமோ அதைப் 'பொடி மீன்' என்கிறோம்!

இன்னொன்று கேளுங்கள். தரங்கம்பாடியிலே இருந்த டேனிய அதிகாரி டால்டார்ஃப் என்பவர், பனை மரத்தின்மேல் ஒரு மீன் ஏறியிருக்கக் கண்டேன் என்று எழுதினார். 1797-இல் அது இலண்டன் லின்னேயன் கழக ஏட்டிலே வந்தது. வியந்தது ஐரோப்பா. நம்மூர்க் குடியானவர் அந்த மீனுக்கு வைத்திருக்கும் பெயரோ பனையேறி! உண்மையிலே பனை ஏறுமா என்று ஐயப்பட்ட அறிஞர்கள் உண்டு, ஐயப்படுவது நல்லதே. ஆனால் மழை பெய்த இரவிலே செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஈரத்தரையிலே நகரும். காற்றை நேரே சுவாசிக்க அதன் தலைக்குள்ளே தனி உறுப்பு உண்டு. இவற்றிலே ஐயமில்லை. தொட்டியில் வளர்ப்பவர்கள் மூடி போட மறந்தால், காலையிலே கட்டிலடியில் தேட வேண்டியதுதான்!

மஞ்சள் காசு போல் வட்டமாய் ஒரு சிறு மீன், நம் கழிமுகங்களிலும் குளங்களிலும் இருக்கிறது. தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும். பெற்றோர் உடல்மேல் ஊறும் வழுவழுப்பைக் குஞ்சுகள் கொத்தித் தின்று வளரும். உச்சந்தலையிலே ஒளிப் பொட்டு வைத்த இன்னொரு சின்ன மீன், கொசுப்புழுவைத் தேடித் தின்னும். குழந்தைக்குக் காட்ட இவற்றைவிடவா நல்ல பாடம் வேண்டும்?

அதை விட்டுவிட்டு எதை வாங்குகிறார்கள்? 'வாஸ்து மீன்'! அரோவனா என்ற அயல்மீனை வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்குமாம். கொழித்தது உண்மைதான், விற்றவன் வீட்டிலே!

சரி, நம் மீனே நல்ல மீன் என்றால், நாளையே வலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடலாமா? கூடாது, தோழர்களே! இங்கேதான் நிதானம் வேண்டும். கேரளத்திலும் கருநாடகத்திலும் மலையாறுகளில் வாழும் ஒரு மீனின் கதையைச் சொல்லுகிறோம். வெள்ளி உடல், நெடுகக் கருங்கோடு, அதற்கு மேலே மூக்கிலிருந்து நடு உடல்வரை செங்கோடு. 1865-இல் அதை விளக்கிய பிரான்சிஸ் டே, அன்று சென்னை மாகாண ஆளுநராயிருந்த டெனிசன் பெயரை அதற்கு வைத்தார். ஆற்றுக்குப் பெயர் வைக்காமல் ஆளுநருக்கு வைத்தது அந்தக் காலத்து முறை! வணிகர்கள் 'மிஸ் கேரளா' என்று புதுப்பெயர் சூட்டி, 1990-களிலிருந்து வெளிநாட்டுக்கு அள்ளி அனுப்பினர். காட்டோர ஏழை கையிலே சில்லறை, கடல் கடந்த கடையிலே கொள்ளை விலை, ஆற்றிலே வெறுமை! 2008-இல் கேரள அரசு பிடிப்புக்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்று உலகப் பட்டியலிலே அது அழியும் ஆபத்திலுள்ள இனம். நம் பொருநைக் கெண்டையும் அந்தப் பட்டியலிலேதான் இருக்கிறது.

பையன் துண்டிலே விழுந்த நான்கு குஞ்சால் ஆறு வற்றாது. ஆனால் வணிகன் வலை நான்கோடு நிற்குமா? ஆகவே ஊர் வாய்க்காலிலே மலிந்து கிடப்பதில் இரண்டு மூன்று எடுப்பது வேறு. களக்காடு முண்டந்துறை போன்ற காப்புக் காட்டுக்குள் நுழைந்து அள்ளுவது வேறு. பின்னது குற்றம். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். இன்றும் ஓயவில்லை அந்தக் கொடுமை.

வழி இல்லையா? இருக்கிறது, கொளத்தூரிலே! சிமென்டுத் தொட்டியிலே அயல்மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து, நாடெங்கும் அனுப்புகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. படித்துப் பட்டம் பெற்று வந்த திறன் அல்ல அது. பார்த்துப் பழகி வந்தது. மிஸ் கேரளாவையே தொட்டியில் பெருக்கும் முறை கண்டாகிவிட்டது. அந்தக் கைகளுக்கு நம் கெண்டைகளின் தாய்மீனையும், முறையாகக் கற்றுக்கொடுக்க ஆளையும், கொஞ்சம் கடனையும் மீன்வளத் துறை கொடுக்கட்டும். ஆற்றிலே அள்ளாமல் தொட்டியிலே பிறந்த நம் மீன் சந்தைக்கு வரும். கேட்பவர் இருந்தால் வளர்ப்பவர் வளர்ப்பார். ஞாயிறு சந்தையிலே ஒரு வாய் கேட்டு வையுங்களேன்!

"ஏரியும் குளமும் நாறிக் கிடக்கையிலே மீன் தொட்டி ஆராய்ச்சியா?" என்பார் சிலர். நாறுவதைக் கண்டு பிடிப்பதற்காகவே சொல்லுகிறோம். தன் வாய்க்கால் மீனின் பெயர் தெரிந்த பையன், நாளை அந்த வாய்க்காலிலே சாயக் கழிவு விழுந்தால் சும்மா இருக்கமாட்டான்.

புறப்படும் நேரம். தோழர் மனம் இளகிவிட்டது. "பாவம், இந்த மூணையும் ஏரியிலே விட்டுடவா அண்ணே?" என்றார். பதறிப்போய்த் தடுத்தோம். தெற்கத்தி ஆற்று மீனுக்கு இந்த ஏரி அயல்நாடு. அதைவிடத் தீங்கு, தொட்டியிலே அலுத்துப்போன அயல்மீனை இரக்கப்பட்டு ஏரியிலே கொட்டுவது. 1952-இல் வந்த ஆப்பிரிக்கத் திலேப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு இன்று எந்தக் குளத்திலே இல்லை? கண்ணாடி துடைக்க வாங்கிய தென் அமெரிக்க 'டேங்க் கிளீனர்', சென்னையைச் சுற்றிய ஏரிகளிலே பெருகி, கரையைக் குடைகிறது; முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. தின்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை.

"அப்ப என்ன செய்ய?" என்றார். கொல்லையிலே பழைய சிமென்டுத் தொட்டி ஒன்று கிடந்தது. கழுவினோம். குழாய்த் தண்ணீரை நிரப்பி, மருந்து வாடை போக ஒரு நாள் திறந்தே வைக்கச் சொன்னோம். கூழாங்கல்லும் கொஞ்சம் பாசிச் செடியும் போடலாம். மேலே வலை கட்ட வேண்டும். தீனி ஒரு சிட்டிகைக்கு மேல் கூடாது. பையன் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டான்.

நேற்று தோழர் தொலைபேசியிலே அழைத்தார். மூன்றும் நலமாம். "அண்ணே, ஒண்ணுக்கு முதுகுத் துடுப்பிலே நூல் மாதிரி என்னமோ நீளுது, வந்து பாக்குறீங்களா?" என்கிறார். ஞாயிறன்று போகிறோம்.