அட்டவணை இல்லாத மைல்கள்
அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம், இலவச டிக்கெட்டுக்கு எத்தனை மைல் புள்ளிகள் வேண்டும் என்று காட்டும் அட்டவணையை 2015இல் எடுத்துவிட்டது. 2019இல் யுனைடெட்டும் அதே வழியில் போனது. அதுவரை ஐரோப்பா போக இத்தனை மைல் என்று கணக்குப் போட்டுச் சேர்க்க முடிந்தது. இப்போது அந்தக் கணக்கு தேதிக்குத் தேதி மாறுகிறது. பணக் கட்டணமும் ஏறி இறங்குகிறதே என்பார்கள். பணம் கையில் உள்ளவர் வேறு விமானம் பார்த்துக்கொள்ளலாம். மைல் சேர்த்தவரோ கிரெடிட் கார்டில் வருடக்கணக்கில் செலவழித்து, முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டவர். விதிகளை மாற்றும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மைலை வெளியிடுபவரே அதன் மதிப்பையும் நிர்ணயிக்கும்போது, சில மாத முன்னறிவிப்பையாவது சட்டம் கட்டாயமாக்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் நான்கு பெரிய விமான நிறுவனங்களிடம் அவற்றின் மைல் திட்டங்கள் பற்றி விவரம் கேட்டது. விதி வகுப்பதுதான் அடுத்து நடக்க வேண்டியது.