முன்னே போனவர்கள் திறந்த கடை



ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நம் வாசகர்கள் பலரின் வீடுகளில் பெட்டி ஒன்று திறந்தே கிடக்கிறது. அக்டோபரில் ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் தொடங்கும்; பிள்ளை கிளம்பியாக வேண்டும். 23 கிலோவுக்குள் எதை வைப்பது, எதை எடுப்பது என்று தினமும் பேச்சு. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, அப்பளம் என்று பெட்டி நிரம்பிய பிறகும் அம்மாக்களுக்கு மனம் ஆறுவதில்லை. இந்த மாதப் பக்கம் அவர்களுக்காக.

முதலில், வைக்கக் கூடாதவை. பாலில் செய்ததும் இறைச்சியில் செய்ததும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் தேவைப்படாத பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன். பொடிகளை வையுங்கள். அம்மா வறுத்து அரைத்த பொடிக்கு ஈடு எந்த ஊர்க் கடையிலும் இல்லை. ஆனால் அங்கேயே கிடைக்கும் அரிசியையும் பருப்பையும் சுமக்க வேண்டாம்.

அங்குள்ள சூப்பர் மார்க்கெட் பழக்கங்களைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. ரயில் நிலையத்திலும் பெட்ரோல் பங்கிலும் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். பை நாம் கொண்டுபோக வேண்டும். பில் போடுபவர் உட்கார்ந்தபடி வெகு வேகமாகத் தள்ளுவார். அதே வேகத்தில் நாமே எடுத்து அடுக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பாட்டிலின் விலையோடு 25 சென்ட் முன்பணம் வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் காட்டினால் பணம் திரும்பும். மாதக் கடைசியில் மாணவர்களுக்கு அந்தச் சில்லறை பெரிய உதவி.

சமையலுக்கு வருவோம். மைசூர்ப் பருப்பு அங்கே சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கிறது. ஊற வைக்காமலே வெந்துவிடும். குக்கர் இல்லாத அறைக்கு அதைவிட நல்ல பருப்பு இல்லை. பால் சோற்றுக்கென்று அவர்கள் விற்கும் உருண்டை அரிசி குழைந்து வேகும், பொங்கலுக்கு ஏற்றது. தயிருக்கும் குறைவில்லை.

கொத்தமல்லி கட்டாக வேண்டுமா, வெண்டைக்காய், கத்தரிக்காய், புதினா வேண்டுமா? துருக்கிக்காரர்களின் கடைக்குப் போக வேண்டும். 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் எடுத்தது. சில ஆண்டு வேலை செய்துவிட்டுத் திரும்புவார்கள் என்றுதான் நினைத்தார்கள். பலர் குடும்பத்தை வரவழைத்துத் தங்கினார்கள். தாங்கள் சாப்பிடுவதை விற்கக் கடை வைத்தார்கள். நம் பிள்ளை மாலையில் வாங்கும் கொத்தமல்லி அந்தக் கடைகளிலிருந்து வருகிறது.

துவரம் பருப்பும் இட்லி அரிசியும் முருங்கைக்காயும் தேடும்போது வேறொரு கதவு திறக்கிறது. 1983 வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பலர் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டார்கள். விடுதி அறைகளில் காத்திருந்தார்கள். குறித்த எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி வாங்க வேண்டிய சட்டம் அவர்களுக்கு இருந்தது. அந்த நாட்களைக் கடந்து வந்தவர்கள் வைத்த கடைகளில்தான் இன்று ஒடியல் மாவும் சிவப்பரிசி மாவும், உறைந்த தேங்காய்ப்பூவும், யாழ்ப்பாணக் கறித்தூளும் கிடைக்கின்றன. ஹாம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள்.

கடைக்குள் நுழையும் புதுமுகத்தை அவர்கள் வெறும் வாடிக்கையாளராகப் பார்ப்பதில்லை. "எங்கேயிருந்து வந்தனீங்கள், பிள்ளை?" என்று கேட்பார்கள். முருங்கைக்காய் எந்தக் கிழமை வரும் என்று சொல்வார்கள். அந்தக் கேள்விக்காகவே அங்கே ஒருமுறை போகலாம் என்பேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் ஈழத்துக் கதையை ஒரு மனிதரின் வாயால் முதன்முதலாகக் கேட்பது, பருப்பு நிறுக்கும் நேரத்தில்தான். அதை அவர்கள் பொறுமையாக நின்று கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள், உங்கள் ஊரில் நம் சாமான் எந்தத் தெருவில் கிடைக்கிறது, பச்சைக் காய்கறி எந்த நாளில் வந்து இறங்குகிறது, எதற்குப் பதில் எதை வைத்துச் சமைக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். செப்டம்பர் இதழில் ஊர் வாரியாக வெளியிடுகிறோம். பெட்டி கட்டுபவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்