பாறை தரும் முன்னறிவிப்பு

திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே மாதத்திலும், சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் 2025 மே மாதத்திலும் கல்குவாரிகளில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இவற்றை எதிர்பாராத விபத்துகள் என்று கடந்துவிட இயலாது.

பாறை அழுத்தத்தைப் பெருமளவு தாங்கும். இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. பள்ளம் ஆழமாக ஆழமாக, பக்கத் துணையை இழந்த பாறைச்சுவர் வெளிநோக்கித் தளர்கிறது. வெடிவைப்பு நுண்விரிசல்களை உண்டாக்குகிறது. மழைநீர் அவற்றுள் புகுந்து பிடிமானத்தைக் குறைக்கிறது. விரிசல்கள் ஒன்றோடொன்று இணையும்போது சுவர் சரிகிறது. கணநேரச் சரிவுக்குப் பின்னால் நெடுநாள் சிதைவு இருக்கிறது.

ஆகவேதான், பக்கங்களைப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்கின்றன சுரங்க விதிகள். ஆனால், படிகளாக விடப்படும் கல் விற்பனைக்கு வராது. செங்குத்தாக வெட்டினால் லாபம் குத்தகைதாரருக்கு. ஆபத்து அடியில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கு. ஒருவரது சிக்கனத்தின் விலையை மற்றொருவர் செலுத்துவதைப் பொருளியல் 'புறச்செலவு' என்கிறது. விபத்துக்குப் பின் நிவாரணம் வழங்குவதோ அரசு.

எனவே, குத்தகைதாரரிடம் கணிசமான வைப்புத்தொகையை முன்கூட்டியே பெற வேண்டும். படிகள் முறையாக இருப்பதைச் சுதந்திரமான ஆய்வு உறுதிசெய்த பின்னரே அதைத் திருப்பித் தர வேண்டும். விதிமீறல் லாபம் தரும்வரை, விதி ஏட்டில்தான் இருக்கும்.