மலைத்தீயும் மௌனமும்

தீயணைப்போர்க்குத் துணிவே முதற்குணம் என்பர். அதனை மறுப்பார் யார்? ஆயினும் நெருப்புக்கு அஞ்சாதவனும் தன் தோழரது நகைப்புக்கு அஞ்சுதல் உண்டு. ஈண்டு யான் கூறப் புகுந்தது அவ்வச்சத்தைப் பற்றியே.

அமெரிக்க நாட்டில், கொலராடோ மாகாணத்து ஸ்டார்ம் கிங் மலையில், 1994-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி மின்னலால் ஒரு சிறு தீ மூண்டது. 6-ஆம் தேதியன்று, அதனை அடக்கச் சென்றோர், தீ தாவாவண்ணம் செடிகளை வெட்டி நிலத்தை வெறுமையாக்கிக்கொண்டே மேலிருந்து கீழ்நோக்கி இறங்கினர். சுற்றிலும் அடர்ந்த ஓக் புதர்; கீழே தீ செய்வது கண்ணுக்குப் புலப்பட்டிலது. தீ மேல்நோக்கி விரைந்தேறும் இயல்பினதாதலின், இங்ஙனம் இறங்குதல் பேரிடர் என்பதை அத்தொழிலோர் யாவரும் அறிவர். சிலர் ஐயமும் எழுப்பினர். வேலையோ நின்றிலது. பெருங்காற்று வருமென்னும் வானிலை எச்சரிக்கை மலைமேலிருந்தோரை எட்டிற்றில்லை. பிற்பகலிற் காற்று வந்தது; 14 பேர் மாண்டனர்.

மாண்டோரைக் குறைகூறல் என் கருத்தன்று. எல்லாரும் மண்வெட்டியும் கையுமாய் நிற்கையில், 'இது தகாது' என்று ஒருவன் மட்டும் கூறுதல் எளிதோ? ஆதலின் அச்சொல்லைத் தலைவனே கேட்டுப் பெறல்வேண்டும். இடித்துரைப்பார் துணையை வலியுறுத்திய வள்ளுவரும், அதனைத் தேடிக்கொள்ளுங் கடனை அரசன்மீதே வைத்தார்.

இதனால் ஆணை குலையாதோ எனின், குலையாது என்பேன். மான்டானா மாகாணத்து மான் கல்ச் பள்ளத்தாக்கில், 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி, தீ துரத்தி வரும்போது, டாட்ஜ் என்னும் தலைவர் தம் முன்னிருந்த புல்லைத் தாமே கொளுத்தி, எரிந்தடங்கிய நிலத்துள் வருமாறு தம் ஆட்களை அழைத்தார். ஒருவரும் புகுந்திலர். அவர் பிழைத்தார், 13 பேர் மாண்டனர். தலைவனும் ஆட்களும் முன்னரே மனம்விட்டுப் பேசிப் பழகியிராவிடின், இறுதிக் கணத்து ஆணை எங்ஙனம் விளங்கும்?

இன்று அந்நாட்டுக் காட்டுத்தீப் பணியாளர் உடன்கொண்டு செல்லும் கையேட்டில், இடர்மிக்க பணியை மறுக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. மறுப்போன் காரணம் கூறல் வேண்டும்; இயலுமாயின் வேறு வழியுங் காட்டல் வேண்டும். அவ்வளவோடு நின்றால், தலைவன் வேறொரு கூட்டத்தாரை அவ்வேலைக்கே ஏவிவிடலாமன்றோ? அதற்கும் விதியுண்டு. இப்பணி முன்னர் மறுக்கப்பட்டது என்பதையும், இன்ன காரணத்தால் என்பதையும் புதிதாய் வருவோர்க்கு அவன் அறிவித்தேயாக வேண்டும். அம்முறையில் யான் மிகவும் மதிப்பது இவ்விதியையே. ஏனையவை பேசினவனைக் காப்பன, இது அவனை அறியாது பின்வருவோனையுங் காப்பது.