எத்தனை வயசு இருக்கும்?

பழைய மரம் ஒன்றைப் பார்த்தவுடன் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வயசு இருக்கும்?" என்பதுதான். எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. ஐந்நூறு என்றால் வாயைப் பிளப்பார்கள், ஐம்பது என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மரத்துக்கு மரியாதை கொடுக்க இது ஒரு அளவுகோலா?

போன மாதம் நண்பனோடு பழவேற்காட்டில் ஏரிக்கரையோரமாக நடக்கப் போயிருந்தேன். மலையேற்றம் என்று பெருமையடிக்க அங்கே மலை கிடையாது. மணல், சேறு, சீமைக்கருவேல முள், அவ்வளவுதான். (ஊர்ப் பெயரில் இருப்பது வேலமரம் என்று சொல்பவர்கள் உண்டு. இன்று அங்கே காடாக நிற்பது வெளிநாட்டிலிருந்து வந்த வேலம்!) ஒரு குப்பத்தைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த மணல்மேட்டுக்குப் பின்னால் அந்த மரம் இருந்தது. பெரிய உயரமில்லை. அடிமரம் பிழிந்துபோட்ட துணி மாதிரி முறுக்கிக்கொண்டு, பாதி மணலில் படுத்து, அப்புறம் எழுந்து நிற்கிறது. கிளைகள் நாலாபுறமும் தொங்கித் தரையைத் தொடுகின்றன. குனிந்து உள்ளே போனால் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். "டச்சுக்காரன் வெச்சதா இருக்கும்டா, நானூறு வருஷம்" என்றான் நண்பன். அந்த ஊரில் எது பழசாக இருந்தாலும் டச்சுக்காரன் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம்.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டோம். வயசு தெரியாது, "எங்க தாத்தா காலத்துலயும் இப்படித்தான் நின்னுச்சு தம்பி" என்றார். ஆனால் பெயர் தெரிந்தது: உகா. இலையைக் கிள்ளி மெல்லச் சொன்னார். கடுகு மாதிரி சுருக்கென்று ஏறியது. குச்சியில் பல் விளக்கலாம் என்றார். மிஸ்வாக் என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அதே மரம்தான். சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வரும் உகாயும் இதுதான் என்கிறார்கள். ஆப்பிரிக்கா, அரேபியா தொடங்கி நம் கடற்கரை வரை உப்பையும் வறட்சியையும் தாங்கித் தானாகவே வளர்வது. அதை நட டச்சுக்காரன் கப்பலேறி வரவேண்டியதில்லை.

வயசுக்கு வருவோம். குளிர்நாட்டு மரங்களில் வருடத்துக்கு ஒரு வளையம் தெளிவாக விழும், எண்ணிவிடலாம். நம் ஊர் மரங்கள் பலவற்றில் அப்படித் தெளிவாக விழாது. கிழட்டு மரமென்றால் நடுவே பொந்தாகியும் போயிருக்கும். மன்னார் பள்ளிமுனையில் இருக்கும் பெருக்கமரத்துக்கு எழுநூறு வயசு என்கிறார்கள். ஆப்பிரிக்காவின் பெருக்கமரங்கள் சிலவற்றுக்கு ரேடியோ கார்பன் சோதனை செய்துதான் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் என்று கண்டுபிடித்தார்கள். அடையாறு ஆலமரம் இன்னும் வேடிக்கை. தியசாபிகல் சொசைட்டி தோட்டத்தில் இருந்த அதன் தாய்மரம் 1989இல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மரமாக நிற்கின்றன. வயசை எதிலிருந்து எண்ணுவது?

ஆண்டு தெரிந்தால் ஒரு வசதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடு சிற்பங்களோடு 1656 என்று செதுக்கியிருக்கிறது. அதற்கு வேலி உண்டு, தொல்லியல் துறையின் பாதுகாப்பும் உண்டு. மரத்தில் யாரும் ஆண்டு செதுக்கி வைப்பதில்லை. அதனால் அது யார் பொறுப்பும் இல்லை.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2007இல் அறிவிக்கப்பட்டது எது தெரியுமா? பெங்களூர் பக்கம் நல்லூரில் இருக்கும் ஒரு புளியந்தோப்பு. நம் மாநிலத்தில் 2022இல் மதுரை அரிட்டாபட்டி, 2025இல் திண்டுக்கல் காசம்பட்டிக் கோயில்காடு.

அந்த அளவுக்கெல்லாம் நான் கேட்கவில்லை. ஒற்றை மரத்துக்குப் பதிவேட்டில் ஒரு பக்கம் போதும். ஏன் அவசரம் என்றால், அந்தக் கரையில் நிலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அதிகம். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021இலும் 2023இலும் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்து, மீனவர்களின் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைத்தார்கள். நாளைக்கே எந்தத் திட்டத்துக்காவது அளவெடுக்க வருகிறவர் குட்டையாகப் படர்ந்து நிற்கும் உகாவைப் பார்த்தால் "புதர்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார் என்பதுதான் என் பயம். புதருக்கு யார் சண்டை போடுவார்கள்?

ஆகவே பதிவேடு எழுதப் போகிறவர்கள் முதலில் அந்த வலைக்காரப் பெரியவரிடம் போகட்டும். பெயர் உகா. பயன் பல்குச்சி, வலை பிரிக்க நிழல், பழம் தின்ன வரும் பறவைகள். வயசு என்ற கட்டம் இருந்தால் அது காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.